கடைசி நேரத்து மூளை அலைகளைப் பதிவது எப்படி?

தண்டையார்பேட்டையில் வீடு, இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுப்பது தொழில். இறக்கும் தறுவாயில் இருப்பவரின் மூளை அலைகளைப் பதியும் ஆய்வுக்கு உதவப்போகும் புது டெக்னீஷியன்களுக்காக இதை எழுதுகிறேன்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒப்புதல் கையெழுத்தும் இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள். நோயாளி நினைவோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டுவிட்டால் உத்தமம். "எப்ப வேணாம்னாலும் சொல்லுங்கம்மா, கழட்டிடுறேன்" என்று வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது எண்ணெய். நம் பக்கம் படுத்த படுக்கையானாலும் தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவாமல் விடமாட்டார்கள். அதை நன்றாகத் துடைத்துவிட்டு, மூக்குத்தண்டின் மேல்குழியிலிருந்து பிடரி மேடு வரை டேப் பிடித்து, அந்தத் தூரத்தை 10, 20 சதவீத இடைவெளிகளாகப் பிரிக்கும் 10-20 முறைப்படி எலக்ட்ரோடு ஒட்டுங்கள். மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்க வேண்டும்.

சிக்கலே காமா அலைதான், அதாவது மூளையின் மிக வேகமான மின் அலை. 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, வென்டிலேட்டர் எடுக்கப்பட்ட 4 கோமா நோயாளிகளின் பதிவை வெளியிட்டது. 2 பேருக்குக் காமா எழும்பியிருந்தது. அந்த இருவருக்கும் முன்பே வலிப்பு வந்ததுண்டு என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்! காமாவைப் பிடிக்க, 70 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும் வழக்கமான ஃபில்டரை உயர்த்தி, நொடிக்கு 1000 மாதிரிகளாவது எடுங்கள். தாடைத் தசையின் மின்துடிப்பும் அதே அலைவரிசையில்தான் விழும். தாடைக்கு ஒரு சேனல், இ.சி.ஜி.க்கு ஒரு சேனல் கட்டாயம். நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸும் காமாவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் பிற்பாடு போட்டுக்கொள்ளலாம். ஏர் பெட் பம்பை நிறுத்தாதீர்கள், பிளக்கை மட்டும் தள்ளி மாட்டுங்கள்.

காசிமேட்டுக் குடும்பம் என்றால் கட்டிலைச் சுற்றி ஊரே நிற்கும். வாயில் பால் விட வருவார்கள். நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். எத்தனை சொட்டு என்பதை நர்ஸ் அக்கா பார்த்துக்கொள்வார். விழுங்கும் அசைவு பதிவில் மலையாக எழும், அதற்கு நேரத்தைக் குறித்தால் போதும். "நைனா" என்று யார் கூப்பிட்டாலும் அதே மாதிரி குறியுங்கள்.

"நைனாவுக்குக் கேக்குதாப்பா?" என்று நிச்சயம் கேட்பார்கள். கனடாவின் வான்கூவரில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் ஒன்றில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், அசைவற்றுக் கிடந்த சிலரின் மூளையும் ஒலி மாறுவதைக் கண்டுகொண்டது. அர்த்தம் புரிந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. "கேட்கலாம், பேசுங்க" என்பதோடு நிறுத்துங்கள். திரையைக் காட்டி விளக்கம் சொல்லவே கூடாது.

இ.சி.ஜி. கோடு நேரானதும் மெஷினை அணைத்துவிடாதீர்கள், ஒப்புதலில் எழுதிய நேரம் வரை ஓடட்டும். ஃபைலுக்குப் பெயர் வேண்டாம், ஆய்வு எண் மட்டும்.