வேறு மாநிலத்தவருக்கு ஷாட்கன் விற்று அனுப்பும்போது நேரும் தவறுகள்

ஓஹையோவில் வசிக்கும் ஒருவர், தாம் பல ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்த 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) ஷாட்கன்னை, அதாவது சிறு ரவைகளைச் சிதறவிடும் நீளத் துப்பாக்கியை, டெக்சஸில் இருக்கும் ஒருவருக்கு விலை பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் கைக்கு வந்ததும் துப்பாக்கியைப் பெட்டியில் கட்டி வாங்குபவரின் வீட்டு முகவரிக்கே அனுப்பிவிடுவதுதான் அவருக்கு முதலில் தோன்றும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அதுவே குற்றம். உரிமம் இல்லாத ஒருவர், உரிமம் இல்லாத வேறு மாநிலத்தவருக்குத் துப்பாக்கியை விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, சும்மா கொடுக்கவோ கூடாது; தெரிந்தே மீறினால் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ‘விற்கவில்லை, மைத்துனருக்குப் பரிசாகத்தான் அனுப்பினேன்’ என்பது இங்கே செல்லாது.

அனுப்புவதற்குச் சட்டம் காட்டும் வழி ஒன்றுதான். துப்பாக்கி, வாங்குபவரின் மாநிலத்தில் கூட்டரசு உரிமம் பெற்ற ஒரு வணிகரின் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். வாங்குபவர் அங்கே நேரில் சென்று 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி, எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் தேறிய பிறகே துப்பாக்கி அவர் கைக்குப் போகும். ஷாட்கன் வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022இல் வந்த சட்டத்தின்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கான சோதனை 10 வேலை நாள்கள் வரை நீளலாம். ஆகவே, விற்பவர் அறிந்துகொள்ள வேண்டிய முகவரி வாங்குபவருடையது அன்று, அந்தக் கடைக்காரருடையது.

அந்தக் கடைக்காரரைப் பற்றிய அசட்டைதான் அடுத்த பெரிய தவறு. வாங்குபவர் அனுப்பிய உரிம நகலை அப்படியே நம்பி அதிலுள்ள முகவரிக்கு அனுப்புகிறவர்கள் பலர். நகலைத் திருத்துவதற்கு இன்று ஒரு கைப்பேசி போதும். உரிம எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்து இலக்கங்களையும் துப்பாக்கி வணிக உரிமங்களை வழங்கும் ஏ.டி.எஃப். துறையின் ‘ஈஸி செக்’ இணையப் பக்கத்தில் இட்டால், உரிமம் நடப்பில் உள்ளதா, கடை எந்த முகவரியில் இருக்கிறது என்பவை தெரிந்துவிடும். அதன்பின் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும், வாங்குபவர் கொடுத்த எண்ணில் அல்லாமல் தாமே தேடிக் கண்டெடுத்த எண்ணில். உரிமம் இல்லாத தனியாளிடமிருந்து வரும் துப்பாக்கியைச் சட்டம் தடுக்காவிட்டாலும், சில கடைக்காரர்கள் தாமாகவே அதை ஏற்பதில்லை என்பதால் இதை முன்கூட்டிக் கேட்டுத் தெளிவது நல்லது. ஏற்பவர்களும் தங்கள் வரவுப் பதிவேட்டில் அனுப்பியவரின் பெயரையும் முகவரியையும் எழுதியாக வேண்டும். அடையாள அட்டை நகலோ வாங்குபவரின் பெயரெழுதிய சீட்டோ இல்லாமல் வந்து சேரும் பெட்டி, யாருக்கென்று தெரியாமல் கடையின் மூலையில் கிடக்கும்.

‘அஞ்சலே வேண்டாம், அவரே வண்டியோட்டி வந்து வாங்கிக்கொள்ளட்டும்’ என்று நினைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாங்குபவர் வேறு மாநிலத்தவர் என்பது அவர் நேரில் வந்து நிற்பதால் மாறிவிடுவதில்லை. ஆனால் கைத்துப்பாக்கிக்கு இல்லாத ஒரு சலுகை ஷாட்கன்னுக்கும் ரைஃபிளுக்கும் உண்டு: விற்பவரின் மாநிலத்திலேயே உள்ள உரிம வணிகரிடம் இருவரும் செல்லலாம், இரு மாநிலங்களின் சட்டங்களும் அனுமதித்தால் அவர் அங்கேயே படிவத்தை முடித்துத் துப்பாக்கியை ஒப்படைப்பார். உயில் வழியாகவோ வாரிசு உரிமையாகவோ வந்து சேரும் துப்பாக்கிக்கும், வேட்டைக்கென்று தற்காலிகமாக இரவல் தருவதற்கும் கூட்டரசுச் சட்டத்தில் விலக்கு உண்டு. தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே வேறு மாநிலத்து மகனுக்குக் கொடுப்பது இந்த விலக்கில் அடங்காது.

கூட்டரசுச் சட்டத்தோடு நின்றுவிடுவதும் தவறு. இல்லினாயில் வாங்குபவரிடம் துப்பாக்கி வைத்திருப்போருக்கான ‘ஃபாய்ட்’ அட்டையும், நியூ ஜெர்சியில் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருப்பு உண்டு, சுழலும் உருளை கொண்ட ஷாட்கன்னுக்கு அங்கே தடையும் உண்டு. அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், நடப்பிலுள்ள வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. பச்சை அட்டை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

பழைய துப்பாக்கி என்றால் குழலை அளக்காமல் விற்கக் கூடாது. குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, அது 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவுக்கு உட்பட்ட வேறு வகை ஆயுதமாகிவிடுகிறது. என்றோ யாரோ ரம்பத்தால் அறுத்த குழலோடு வீட்டில் கிடந்திருக்கும். அளக்கும்போது குழல் முனையில் பொருத்தும், கழற்றக்கூடிய ‘சோக்’ என்ற துண்டைக் கணக்கில் சேர்க்கலாகாது. 1968க்கு முன் செய்யப்பட்ட ஷாட்கன்கள் பலவற்றில் வரிசை எண்ணே இருக்காது, அதில் குற்றமில்லை. இருந்த எண் சுரண்டப்பட்டிருந்தால் அது வேறு கதை, அதை விற்கவே முனையக் கூடாது.

எதன் வழியாக அனுப்புவது என்பதில் பழைய பழக்கம் பலரை ஏமாற்றுகிறது. யு.பி.எஸ்., ஃபெடெக்ஸ் ஆகிய தனியார் பார்சல் நிறுவனங்கள் இரண்டும் இப்போது தனியாள்களிடமிருந்து துப்பாக்கிகளை ஏற்பதில்லை. உரிமமும் தங்களோடு ஒப்பந்தமும் உள்ளவர்களிடம் மட்டுமே பெறுகின்றன. பெட்டியில் இருப்பது மீன்தூண்டில் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள், பெட்டி தொலைந்தால் எந்தப் பொருளுக்கு இழப்பீடு கேட்பது என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்க அஞ்சல் துறை ஷாட்கன்னை ஏற்கிறது. அது தோட்டா இல்லாமல் உரிம வணிகருக்குச் செல்ல வேண்டும், பெறுபவரின் கையொப்பத்தோடு ஒப்படைக்கும் சேவையில் அனுப்பப்பட வேண்டும். தோட்டாக்களையோ அஞ்சலில் அறவே அனுப்பக் கூடாது. ‘சும்மா இருக்கட்டும்’ என்று ஒரு டப்பாத் தோட்டாவை உடன் வைத்துக் கட்டினால் முறையான பார்சல் முறைகேடாகிவிடும். இந்தத் தலைவலி வேண்டாமென்பவர், ஒரு கட்டணம் கொடுத்துத் தம் ஊர் உரிம வணிகர் மூலமாகவே அனுப்பிவிடலாம். பழக்கமில்லாதவருக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

கட்டுவதற்கு முன், தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்து இயக்கும் பம்ப் வகை ஷாட்கன்னில் தோட்டா அறையை மட்டும் பார்த்துவிட்டு, குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒன்றிரண்டு தோட்டாக்கள் தங்கியிருப்பதை மறந்துவிடுவார்கள். குழலையும் கட்டையையும் பிரிக்க முடிந்தால் பிரித்து, தனித்தனியே சுற்றி, உறுதியான உள்பெட்டியில் அசையாமல் வைக்க வேண்டும். பிரிக்காமல் மெல்லிய அட்டைப்பெட்டியில் வைத்தால் குழலின் முனை பக்கவாட்டைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். துப்பாக்கி நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பழைய பெட்டியை வெளிப்பெட்டியாகப் பயன்படுத்துவது திருடனுக்கு விடுக்கும் அழைப்பு. உள்ளே இருப்பது துப்பாக்கி என்று மேலே எதுவும் காட்டிக்கொடுக்கக் கூடாது. வரிசை எண்ணையும் கட்டிய நிலையையும் படமெடுத்து வைத்து, முழு மதிப்புக்கும் காப்பீடு செய்வது அவசியம்.

வாங்குபவர் பின்னணிச் சோதனையில் தேறாமல் போனால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலோர் பேசிக்கொள்வதே இல்லை. துப்பாக்கியை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பக் கடைக்காரருக்குச் சட்டம் இடமளிக்கிறது. திரும்பி வரும் செலவும், கடைக்காரரின் கட்டணமும், ஏற்கெனவே பெற்ற பணமும் யாருடைய பொறுப்பு என்பதைப் பணம் கைமாறுவதற்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.