படிச்ச புத்தகத்தை பத்தி நாலு பேர்கிட்ட சொல்றது எப்படி?

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கீழ வைக்க மனசில்லாம ஒரு புத்தகம் படிச்சிருப்போம், மறுநாள் யாராவது "எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "சூப்பர், கண்டிப்பா படிங்க" அப்படின்னு சொல்லிட்டு அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. நான் பல வருஷம் இப்படித்தான் இருந்தேன். புடிச்சிருந்தது நிஜம், ஏன் புடிச்சுதுன்னு சொல்லத்தான் தெரியல. அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா பழகினதை இங்க எழுதுறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல ஒரு விஷயம், இது வெறும் அடுத்தவங்களுக்காக செய்ற வேலை கிடையாது. நன்னூல்ல பவணந்தி முனிவர் ஒரு கணக்கு சொல்றார், 13ஆம் நூற்றாண்டுல எழுதின தமிழ் இலக்கண நூல் அது. ஆசிரியர் சொல்றதை நல்லா கவனிச்சு கேட்டாலும் கால் பங்குதான் வரும், கூட படிக்கிறவங்களோட பேசிப் பழகினா இன்னொரு கால், மீதி பாதி அதை நாமளே பிறருக்கு தெளிவா எடுத்து சொல்லும்போதுதான் வருதாம். பாதி! புத்தகத்தை மூடி வெச்சிட்டு யார்கிட்டயும் பேசாம அடுத்ததுக்கு போனா அந்த பாதியை விட்டுட்டு போறோம்னு அர்த்தம். எனக்கு இது அப்படியே உண்மைன்னு பட்டிருக்கு, ஒரு நாவல்ல அந்த அப்பா கதாபாத்திரம் ஏன் கடைசி வரைக்கும் வாயே திறக்கலன்னு ஃப்ரெண்டுகிட்ட பேசிட்டிருக்கும்போதுதான் எனக்கே புரிஞ்சுது.

வேலை படிக்கும்போதே ஆரம்பிக்குது. முடிச்சிட்டு யோசிச்சு எழுதிக்கலாம்னு விட்டா போச்சு. ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளை தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்துல எவ்வளவு மறக்குதுன்னு தன் மேலயே சோதிச்சு 1885ல புத்தகமா போட்டார், மறதி முதல் சில மணி நேரத்துலயே ரொம்ப வேகமா நடக்குது, அப்புறம்தான் மெதுவாகுதுன்னு. கதை அர்த்தமில்லாத அசை இல்லதான், அவ்வளவு மோசமா மறக்காது. ஆனா ரெண்டு வாரம் கழிச்சு பாருங்க, "நல்லாருந்துச்சு"ங்கிற உணர்ச்சி நிக்கும், அதை உண்டாக்கின இடம் போயிடும். நமக்கு வேண்டியது அந்த இடம்தான்.

அதனால பக்க எண்ணை மட்டும் குறிச்சுக்கோங்க. பென்சில்ல ஓரத்துல ஒரு கோடு, இல்லன்னா போன்ல ஒரு போட்டோ, கிண்டில்னா ஹைலைட், ஆடியோ புக்னா புக்மார்க், எதுவா இருந்தாலும் சரி. எதை குறிக்கிறதுன்னா, ரெண்டு தடவை படிச்ச வரி, எரிச்சல் வந்த இடம், போன் எடுத்து நோண்ட ஆரம்பிச்ச இடம் (இது ரொம்ப முக்கியம், புத்தகம் எங்க தொய்யுதுன்னு நம்ம கைக்கு மூளைக்கு முன்னாடியே தெரியும்), பக்கத்துல இருக்கவங்களுக்கு சத்தமா படிச்சு காட்டணும்னு தோணின பத்தி. இந்த நாலும் போதும். முடிச்ச அன்னிக்கோ மறுநாளோ ஒரு மூணு வரி எழுதி வெச்சிடுங்க, தேதியோட. அழகா இருக்கணும்னு அவசியமில்ல.

இப்ப சொல்ற கட்டம். இங்க எல்லாரும் வழுக்குற இடம் கதைச்சுருக்கம். கருத்து சொல்றேன்னு ஆரம்பிச்சு முழு கதையையும் சொல்லி முடிச்சிட்டு கடைசில "படிக்கலாம்"னு ஒரு வார்த்தை. கேக்கறவங்களுக்கு கதை தெரிஞ்சு போச்சு, உங்களை பத்தியும் தெரியல, புத்தகம் எப்படின்னும் தெரியல. கதை ரெண்டு வாக்கியம் போதும், யாரு, என்ன சிக்கல்ல இருக்காங்க, அவ்வளவுதான்.

அடிப்படை தகவலுக்கும் நன்னூலே ஒரு பட்டியல் வெச்சிருக்கு. ஒரு நூலுக்கு பாயிரம், அதாவது முன்னுரை, எழுதினா எட்டு விஷயம் சொல்லணும்ங்குது, எழுதினவர் பேர், எந்த நூலோட வழியில வந்தது, எந்த எல்லைக்குள்ள வழங்குது, நூலோட பேர், யாப்பு, சொல்ல வந்த பொருள், யாருக்கானது (இதைத்தான் கேட்போர்ங்குது), படிச்சா என்ன பயன். இதோட காலம், களம், காரணம்னு மூணு சேர்த்து பதினொண்ணாவும் சொல்றாங்க. எல்லாத்தையும் ஒப்பிக்க வேணாம். ஆனா நம்மள்ல பலபேர் கேட்போர், பயன் ரெண்டையும் விட்டுடறோம், படிக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண காத்திருக்கவங்களுக்கு அதுதான் வேணும். "எல்லாரும் படிக்க வேண்டிய புத்தகம்"னு சொல்றதுக்கு பதிலா "வயசான அம்மா அப்பாவை பாத்துக்கிற வேலையில இருக்கவங்க படிச்சா, தனியா இல்லன்னு தோணும், ஆனா மனசு கனமா இருக்கிற நேரத்துல எடுக்காதீங்க"ன்னு சொல்லி பாருங்க, கேக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும் தனக்கானதா இல்லையான்னு.

யாப்புன்னு அதுல சொல்றது நூல் எப்படி ஆனதுங்கிறது, தொகுத்ததா, விரிச்சதா, ரெண்டும் கலந்ததா, மொழிபெயர்ப்பா. இதுல மொழிபெயர்ப்பை மறக்காம சொல்லுங்க, மொழிபெயர்த்தவர் பேரோட. நீங்க ரசிச்ச அந்த வாக்கியத்தோட ஓட்டம் பாதி அவரோட உழைப்பு. நடை கரடுமுரடா இருந்தாலும் மூல ஆசிரியர் மேல பழியை போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

சரி, முக்கியமான இடத்துக்கு வர்றேன். புடிக்கலன்னா "போர்", "மொக்கை", "செட் ஆகல", புடிச்சா "செம", "வேற லெவல்". நம்மகிட்ட இருக்கிற வார்த்தை இவ்வளவுதானான்னா இல்லவே இல்ல. நூலுக்கு வர்ற பத்து குற்றம்னு நன்னூல்ல ஒரு வரிசை இருக்கு, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்துபோனது. அதை இப்ப எடுத்து பாருங்க, ஒரு புத்தகம் ஏன் நம்மள கைவிட்டுதுன்னு சொல்ல இதைவிட நல்ல கருவி எனக்கு கிடைக்கல.

குன்றக் கூறல், சொல்ல வேண்டியதை விட குறைச்சு சொல்றது. மிகைபடக் கூறல், ஒரு அழுகையை காட்ட மூணு பக்கம். கூறியது கூறல், சுயமுன்னேற்ற புத்தகம் படிக்கிறவங்களுக்கு நல்லா தெரியும், முதல் அத்தியாயத்துல சொன்ன ஒரே யோசனை பன்னிரண்டு அத்தியாயமா திரும்ப திரும்ப வரும். மாறுகொளக் கூறல், அம்பதாவது பக்கத்துல சொன்னதுக்கு எதிரா இருநூறாவது பக்கத்துல சொல்றது. வழூஉச்சொல் புணர்த்தல், தப்பான சொல்லை போடறது. மயங்க வைத்தல், இதுவா அதுவான்னு குழப்பி விடறது. வெற்றெனத் தொடுத்தல், வார்த்தை அடுக்கா இருக்கும் உள்ள ஒண்ணும் இருக்காது. மற்றொன்று விரித்தல், சொல்ல வந்ததை விட்டுட்டு வேற ஒண்ணை விரிச்சுக்கிட்டே போறது, வரலாற்று நாவல்ல கதை நிக்க நகைகளோட வர்ணனை ஓடிட்டே இருக்குமே அது. நின்று பயனின்மை, சொல் நிக்கும், பயன் இருக்காது.

எனக்கு ரொம்ப புடிச்சது சென்று தேய்ந்து இறுதல். நல்லா ஆரம்பிச்சு போகப்போக தேய்ஞ்சு முடியறது. எத்தனை துப்பறியும் கதை இப்படி! முன்னெல்லாம் "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே செகண்ட் ஹாஃப் இல்ல"ன்னு சொல்லிட்டு விட்டுடுவேன். இப்ப எங்க தேய ஆரம்பிச்சுதுன்னு தேடுவேன், குறிச்சு வெச்ச பக்க எண் இங்கதான் கைகொடுக்குது. "தங்கச்சி காணாம போன வரைக்கும் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு புது கேள்வியோட முடிஞ்சுது, போலீஸ் அதிகாரி வந்ததும் எல்லா பதிலையும் அவரே உக்காந்து பேச்சா சொல்லிடறார், அதுக்கப்புறம் நான் தேடறதுக்கு ஒண்ணும் இல்ல." இதுல குறை என்னன்னும் தெரியுது, எங்கன்னும் தெரியுது, என்மேல அது என்ன பண்ணுச்சுன்னும் தெரியுது. இந்த மூணும் வந்துட்டா கேக்கறவர் உங்களோட ஒத்துப்போகாட்டியும் அவருக்கு அந்த கருத்து பயன்படும், "எனக்கு அப்படி பேச்சா விளக்கினா புடிக்குமே"ன்னு அவர் போய் வாங்கிக்கலாம்.

பாராட்டுக்கும் இதே மாதிரி பத்து அழகு இருக்கு, சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், ஓசையுடைமை, ஆழமுடைத்தாதல், முறையின் வைப்பு, விளங்கு உதாரணத்தது இப்படி. அறிவியல் புத்தகத்தை புடிச்சுதுன்னா அனேகமா விளங்கு உதாரணத்தாலதான் இருக்கும், அப்ப அந்த உதாரணத்துல ஒண்ணை எடுத்து சொல்லிடுங்க. ஒரு எச்சரிக்கை மட்டும், அந்த வரிசை நாவலை மனசுல வெச்சு எழுதினது கிடையாது. கதையில எழுத்தாளர் வேணும்னே மயங்க வைக்கலாம், கவிதையில கூறியது கூறல்தான் உயிரா இருக்கலாம். அப்ப அது குற்றமா உத்தியான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், ஏன்னும் சொல்லணும்.

இதோட சேர்ந்ததுதான் ஜான் அப்டைக்ங்கிற அமெரிக்க நாவலாசிரியர் விமர்சகர்களுக்கு சொன்ன விதிகள்ல முதலாவது. எழுத்தாளர் என்ன செய்ய நினைச்சார்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க, அவர் முயற்சியே பண்ணாத ஒண்ணை செய்யலன்னு குறை சொல்லாதீங்கங்கிறது. குழந்தைகளுக்கு எழுதின புத்தகத்துல ஆழமான அரசியல் இல்லன்னு சொல்றது, லேசான காதல் கதையில தத்துவம் தேடறது, ரெண்டுமே நியாயமில்ல.

உங்க சார்பையும் முன்னாடியே போட்டு உடைச்சிடுங்க. எனக்கு போர் பத்தின கதைன்னா ஆகாது, எவ்வளவு நல்லா எழுதியிருந்தாலும் சண்டை வர்ற பக்கத்தை தாண்டிடுவேன். அந்த மாதிரி புத்தகத்தை பத்தி பேசும்போது முதல் வரியிலயே இதை சொல்லிடுவேன். எழுத்தாளர் தெரிஞ்சவர்னா, புத்தகம் இலவசமா வந்துதுன்னா அதையும் சொல்லணும், இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது.

முடிவை உடைக்கிற விஷயத்துக்கு வருவோம். 2011ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியேகோ வளாகத்துல ரெண்டு ஆய்வாளர்கள் சிறுகதைகளை வெச்சு சோதிச்சு பாத்தாங்க, முடிவை முன்கூட்டியே சொல்லிட்டு படிக்க கொடுத்தவங்க, சொல்லாம படிச்சவங்களை விட சராசரியா கொஞ்சம் அதிகமாவே ரசிச்சதா வந்துது. பின்னாடி வந்த சில ஆய்வுல நேர்மாறாவும் வந்திருக்கு. எப்படியிருந்தாலும் அதை முடிவு பண்ற உரிமை படிக்கப்போறவங்களோடது. முதல் கால்வாசிக்குள்ள வர்றது, பின்னட்டையில இருக்கிறது தாராளமா பேசலாம். அதுக்கு மேல போறீங்கன்னா "இனிமே முடிவை பத்தி பேசறேன்"னு முன்னாடி ஒரு வரி. நேர்ல பேசும்போது "படிக்கப்போறீங்களா, சொல்லவா"ன்னு கேட்டுடுங்க, அவ்வளவுதான்.

ஸ்டார் குடுக்கிறதுல ஒரு சின்ன குழப்பம் இருக்கு. வாசகர்கள் புத்தகத்துக்கு மதிப்பெண் போடற குட்ரீட்ஸ் தளத்துல ரெண்டு ஸ்டார்னா பரவாயில்லன்னுதான் அர்த்தம், மூணுன்னா புடிச்சிருந்துச்சு, நாலுன்னா ரொம்ப புடிச்சிருந்துச்சு, அஞ்சு அபாரம். நம்ம பழக்கத்துல மூணுன்னா சுமார்னு எடுத்துக்கறோம். அதனால வெறும் எண்ணை மட்டும் குடுத்துட்டு போகாதீங்க, பக்கத்துல ஒரு வரி எழுதுங்க. அதே மாதிரி இன்னொரு தளமான ஸ்டோரிகிராஃப்ல கால் ஸ்டார் கூட குடுக்கலாம், மூணேமுக்கால்னு போட முடியும், ஆனா மூணரைக்கும் மூணேமுக்காலுக்கும் என்ன வித்தியாசம்னு அந்த ஒரு வரிதான் சொல்லும்.

பாதியில விட்ட புத்தகத்தை பத்தியும் பேசலாம், எந்த பக்கத்துல விட்டீங்கன்னு சொல்லிட்டு. "நூத்தி இருபதாவது பக்கத்தோட நிறுத்திட்டேன், மூணு குடும்பத்து பேரும் கலந்து போச்சு"ன்னா அது நேர்மையான கருத்து. முழுசா படிச்ச மாதிரி பேசறதுதான் தப்பு.

புடிக்காததை சொல்லும்போது புத்தகத்தோட நின்னுக்கோங்க. எழுத்தாளரோட குணம், குடும்பம் இதுக்குள்ள போக வேணாம், குறை சொல்ற பதிவுல அவரை டேக் பண்ணவும் வேணாம். அவர் பல வருஷம் உக்காந்து எழுதியிருப்பார், உங்க பதிவு உங்களை மாதிரி வாசகருக்கு, அவருக்கு கிடையாது. புத்தகத்துலேர்ந்து வரி எடுத்து போட்டா எழுத்து மாறாம போடுங்க, பக்க எண்ணோட, எந்த பதிப்புன்னும் சொல்லி, ரெண்டு மூணு வரிக்கு மேல வேணாம். பக்கம் பக்கமா போட்டோ எடுத்து போடறது எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் செய்ற துரோகம்.

நாலு பேர் உக்காந்து பேசறதுன்னா ரெண்டு மூணு நிமிஷத்துல முடிச்சிட்டு ஒரு கேள்வியை விட்டுடுங்க. "அவ திரும்பி போனது சரியா"ன்னு கேட்டா கூட்டமே பேச ஆரம்பிச்சிடும். யாராவது நேர் எதிரா சொன்னா "உங்களுக்கு புரியல"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அதோட பேச்சு செத்துடும். "எந்த இடத்துல அப்படி தோணுச்சு"ன்னு கேளுங்க, ரெண்டு பேரும் அந்த பக்கத்தை திருப்பி சேர்ந்து படிங்க. நான் வேகமா தாண்டிப்போன ஒரு பத்தியில இன்னொருத்தர் நின்னிருப்பார், எத்தனையோ தடவை இப்படி நடந்திருக்கு.

அப்படி கருத்து மாறினா பழசை அழிக்காதீங்க, கீழயே புது தேதி போட்டு எழுதுங்க. என் நோட்டுல ஒரு சிறுகதை தொகுப்புக்கு கீழ "வெற்றெனத் தொடுத்தல்"னு கோபமா எழுதியிருக்கு, ஆறு வருஷம் கழிச்ச தேதியில அதுக்கு அடியிலயே "மூணாவது கதையை மறுபடி படிச்சேன், அந்த வீட்ல யாரும் பேசிக்காததுதான் கதையே"ன்னு இன்னொரு வரி. யாராவது அந்த தொகுப்பை பத்தி கேட்டா ரெண்டு வரியையும் படிச்சு காட்டறேன்.