சாத்தான், தூதர்கள், பேய்கள்: கிறிஸ்தவ நம்பிக்கையைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் பரிசுத்த வேதாகமத்தில் மத்தேயு நான்காம் அதிகாரத்தைத் திறந்தால், வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவன் 'பிசாசு' என்று வாசிக்கிறோம். அதே அதிகாரத்தின் கடைசியில், அவரிடம் கொண்டுவரப்பட்ட நோயாளிகளோடு 'பிசாசுபிடித்தவர்களும்' வருகிறார்கள். தமிழில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் இருப்பதால் ஒரே ஆளைப் பற்றிய பேச்சு என்று எண்ணத் தோன்றும். கிரேக்க மூலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். முதலாவது 'தியாபொலோஸ்', அவதூறு பேசுகிறவன் என்று பொருள்படும் இச்சொல், பெரும்பாலும் ஒருமையில் நின்று சாத்தானைக் குறிக்கிறது. இரண்டாவது 'தைமோனியோன்' என்ற சொல்லோடு வேர் தொடர்புடையது. மனிதரைப் பிடித்து வருத்தும் பல ஆவிகளைக் குறிப்பது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் முன்னதை 'அலகை' என்றும் பின்னதைப் 'பேய்' என்றும் பிரித்துத் தருகிறது. அலகை என்பது திருக்குறளின் 850ஆம் பாடலிலேயே பேய் என்ற பொருளில் வரும் பழஞ்சொல். அதை ஒருவனுக்குரிய பெயராக ஒதுக்கிக்கொண்டது நல்ல தீர்வு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த வேறுபாட்டை முதலில் சொல்வதற்குக் காரணம், தமிழில் இப்பொருளைப் பற்றி எழும் குழப்பங்களில் பல, கொள்கையிலிருந்து எழாமல் சொல்லிலிருந்தே எழுகின்றன என்பதுதான். சாத்தான் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். சீத்தலைச் சாத்தனார் போன்ற பழந்தமிழ்ப் பெயர்களோடு அது ஒலியில் ஒத்திருப்பது தற்செயலானது. எபிரேய மொழியில் 'சாத்தான்' என்றால் எதிராளி, குற்றஞ்சாட்டுகிறவன் என்று பொருள். எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாமின் வழியை மறித்து நிற்கிற கர்த்தருடைய தூதனுக்கே அந்த எபிரேயச் சொல் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. யோபு புத்தகத்தின் தொடக்கத்தில் வருகிறவனும் எபிரேயத்தில் சுட்டிடைச்சொல்லோடு 'அந்தக் குற்றஞ்சாட்டுகிறவன்' என்றே வருகிறான். அங்கு அது தனிப்பெயர் என்பதைவிட ஒரு பொறுப்பின் பெயர் போலவே ஒலிக்கிறது. புதிய ஏற்பாட்டுக் காலத்தில்தான் அது ஒருவனுடைய பெயராக நிலைபெற்றுவிட்டதைக் காண்கிறோம்.

இறந்தவர்கள் பேயாவதில்லை, தூதராவதுமில்லை

அகால மரணம் அடைந்தவர்களும் ஆசை தீராமல் இறந்தவர்களும் பேயாக அலைவார்கள் என்பது நம் ஊர்களில் வேரூன்றிய நம்பிக்கை. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் அது மறைந்துவிடவில்லை. புளியமரத்தடியில் தூக்கிட்டு இறந்தவரின் 'பிசாசு' இன்னாரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, அதே மூச்சில் இயேசுவின் பெயரால் அதைத் துரத்த ஜெபிக்கிறவர்களைக் காணலாம். ஆனால் சுவிசேஷங்களில் வரும் பேய் எதுவும் இறந்த மனிதரின் ஆவி என்று சொல்லப்படவில்லை. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் ஐசுவரியவானும் லாசருவும் இறந்தபின் இருக்கும் இடத்திலிருந்து திரும்பி வர வழியில்லாதபடியே காட்டப்படுகிறார்கள். இயேசு கடல்மேல் நடந்து வந்தபோது சீஷர்கள் அஞ்சி அலறிய இடத்தில் ஆவியுருவம் பற்றிய அந்தப் பொதுவான அச்சம் எட்டிப்பார்க்கிறது. அங்கு கிரேக்க மூலம் பேய்க்குரிய சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லைப் பயன்படுத்துகிறது, பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அதை உணர்ந்து 'ஆவேசம்' என்று எழுதியிருக்கிறது.

பேய்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு வேதாகமம் ஒரே வரியில் விடை தருவதில்லை. தேவதூதர்கள் பாவஞ்செய்து தள்ளப்பட்டதை 2 பேதுரு, யூதா ஆகிய நிருபங்கள் குறிப்பிடுகின்றன. ஏனோக்கின் பெயரில் வழங்கிய பழைய யூத நூலோ, தூதர்களுக்கும் மனிதப் பெண்களுக்கும் பிறந்த இராட்சதர்களின் ஆவிகளே பேய்கள் என்று சொன்னது. இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர் சிலரும் அதையொட்டியே எழுதினார்கள். விழுந்துபோன தூதர்களே பேய்கள் என்ற கருத்து பின்னரே பொதுவாக நிலைபெற்றது.

இதே தவறு மறுபக்கத்திலும் நடக்கிறது. சிறு குழந்தை இறந்தால், 'பரலோகத்தில் ஒரு தேவதூதன் கூடியிருக்கிறான்' என்று ஆறுதல் சொல்கிறார்கள். துக்க வீட்டில் அன்பினால் சொல்லப்படும் வார்த்தையைத் திருத்தப் போக வேண்டியதில்லை என்றாலும், கற்பிக்கும் இடத்தில் அதைக் கொள்கையாகக் கற்பிக்கக் கூடாது. மத்தேயு 22:30 உயிர்த்தெழுந்தவர்கள் தூதர்களைப் போல் இருப்பார்கள் என்றுதான் சொல்கிறது, தூதர்களாக மாறுவார்கள் என்று சொல்லவில்லை. நாம் தூதர்களையும் நியாயந்தீர்ப்போம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். கிறிஸ்தவ நம்பிக்கையில் மனிதரும் தூதரும் இரு வேறு படைப்புகள். குழந்தை குழந்தையாகவே, அதன் பெயரோடும் உடலோடும் உயிர்த்தெழும் என்பதுதான் உண்மையில் பெரிய ஆறுதல்.

'லூசிபர்' என்ற பெயர்

சாத்தானின் பழைய பெயர் லூசிபர், அவன் பரலோகத்தில் பாடகர் குழுத் தலைவனாக இருந்தான், தூதர்களில் மூன்றில் ஒரு பங்கை இழுத்துக்கொண்டு விழுந்தான் என்று ஞாயிறு பள்ளியில் எனக்கும் சொல்லித்தந்தார்கள். தமிழ் வேதாகமத்தில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஏசாயா 14:12இல் இருப்பது 'அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே' என்ற விளிதான். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்தபோது, விடிவெள்ளிக்கு லத்தீனில் இருந்த 'லூசிபர்', அதாவது ஒளி கொண்டுவருவது என்ற சாதாரணச் சொல்லை அங்கு இட்டார். 2 பேதுரு 1:19இல் விசுவாசிகளின் இருதயங்களில் உதிக்கும் விடிவெள்ளிக்கும் அந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் அதே சொல்தான். பாஸ்கா (உயிர்ப்புத் திருவிழா) இரவில் பாடப்படும் லத்தீன் புகழுரையில் மறையாத விடிவெள்ளி என்று போற்றப்படுகிறவர் கிறிஸ்து. அங்கும் 'லூசிபர்' என்றே வருகிறது. நான்காம் நூற்றாண்டில் சார்தீனியத் தீவின் காலியாரியில் லூசிபர் என்ற பெயரிலேயே ஓர் ஆயர் இருந்தார்.

ஏசாயாவின் அந்தப் பாடல் யாரைக் குறித்தது என்பதற்கு அதே அதிகாரத்தின் நான்காம் வசனமே விடை சொல்கிறது: பாபிலோன் ராஜா. எசேக்கியேல் 28ஆம் அதிகாரமும் தீருவின் ராஜாவைப் பற்றியது என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் போன்ற கிறிஸ்தவ அறிஞர்கள் இப்பகுதிகளில் சாத்தானின் வீழ்ச்சியைக் கண்டார்கள். அந்த வாசிப்பு நீண்டகாலம் செல்வாக்குடன் இருந்தது. அதே வேளையில், ஏசாயாவின் வசனத்தைச் சாத்தானுக்குப் பொருத்துவதைப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் கால்வினும் ஏற்கவில்லை. ஆகவே இது மரபின் ஒரு விளக்கம் என்று சொல்லலாமே தவிர, வேதம் நேரடியாகக் கூறும் வரலாறு என்று சொல்லக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு என்பதும் அவ்வாறே: வெளிப்படுத்தின விசேஷம் 12:4இல் வலுசர்ப்பத்தின் வால் வானத்து நட்சத்திரங்களில் மூன்றிலொரு பங்கை இழுக்கிறது, அந்த நட்சத்திரங்கள் தூதர்கள் என்பது வாசகரின் ஊகம். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்திலும் பாம்பு என்றுதான் இருக்கிறது. அதைச் சாத்தானோடு இணைப்பதற்கு அதே வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 'பழைய பாம்பு' என்ற தொடர் ஆதாரமாக நிற்கிறது.

கடவுளுக்கு நிகரான எதிரி அல்ல

கொள்கை அளவில் மிகப் பெரிய தவறு, சாத்தானைக் கடவுளுக்குச் சமமான மறுபாதியாக எண்ணுவது. நன்மைக்கு ஒரு கடவுள், தீமைக்கு ஒரு கடவுள் என்ற இருமைக் கொள்கை மணிகேயர் என்ற பழைய சமயத்தாரிடமும் பின்னாளில் தென் பிரான்சின் கத்தாரியர் என்ற பிரிவினரிடமும் இருந்தது. அதற்கு மறுப்பாகவே 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற கத்தோலிக்கப் பொதுச்சங்கம், சாத்தானும் மற்றப் பேய்களும் கடவுளால் இயல்பில் நல்லவர்களாகவே படைக்கப்பட்டார்கள், தங்கள் செயலாலேயே தீயவர்களானார்கள் என்று வரையறுத்தது. படைக்கப்பட்டவன் என்றால் எல்லை உண்டு. எங்கும் நிறைந்திருப்பதும் எல்லாம் அறிவதும் அவனுக்கு இல்லை. யோபின் கதையில் அவன் அனுமதி கேட்டு, விதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் கைநீட்டுகிறான். வண்டி பழுதானதற்கும் தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்கும் 'சாத்தானின் போராட்டம்' என்று சாட்சி சொல்லும் வழக்கம், சொல்கிறவர் அறியாமலே, கடவுளுக்கு மட்டும் உரிய எங்கும் நிறைந்த தன்மையை அவனுக்கு வழங்கிவிடுகிறது. பக்தியாகத் தோன்றுகிற பேச்சு என்பதால் இதை யாரும் தடுப்பதில்லை. அது எனக்கு வருத்தமளிக்கிறது.

நரகத்தின் அரசனாக அமர்ந்து பாவிகளை வதைப்பவன் என்ற சித்திரமும் வேதத்தில் இல்லை. மத்தேயு 25:41 நித்திய அக்கினி பிசாசுக்காகவும் அவன் தூதர்களுக்காகவும் ஆயத்தம்பண்ணப்பட்டது என்கிறது. அங்கு அவன் தண்டனை பெறுகிறவன். கொம்பும் வாலும் சூலமும் இடைக்கால ஓவியங்கள் தந்தவை. பவுலின் எச்சரிக்கையோ நேர்மாறானது: அவன் ஒளியின் தூதன் வேடத்தைத் தரித்துக்கொள்வான் என்கிறார். 666 என்பதும் வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் இலக்கம். சாத்தானின் எண் என்று அங்கு எழுதப்படவில்லை.

தூதர்களைத் தேவதைகளாக்குதல்

எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் தூதனுக்கான சொற்களின் பொருள் செய்தி கொண்டுபோகிறவன் என்பதே. அவ்வகையில் 'தூதன்' என்ற தமிழ்ச் சொல் மிகச் சரியானது. அண்மைக்காலத்தில் அதை 'தேவதை' என்று மாற்றி எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. தமிழில் தேவதை என்பது வழிபடப்படும் சிறு தெய்வத்தைக் குறிக்கும் சொல். அதோடு வெள்ளை அங்கி அணிந்த பெண்ணின் உருவமும் மனத்தில் வந்துவிடுகிறது. ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்தவர்கள் கால் கழுவத் தண்ணீரும் உணவும் ஏற்றுக்கொண்ட மூன்று மனிதர்களாகவே தெரிந்தார்கள். ஏசாயா கண்ட சேராபீன்களுக்கு ஆறு செட்டைகள்; எசேக்கியேல் கண்ட கேருபீன்களுக்கு நான்கு முகங்கள். ஏதேன் தோட்டத்தின் வழியைச் சுடரொளிப் பட்டயத்தோடு காவல்செய்த கேருபீன்களைக் கொழுகொழுவென்ற குழந்தைகளாக்கியது மறுமலர்ச்சிக்கால இத்தாலிய ஓவியமரபு.

மிகாவேல், காபிரியேல் ஆகிய இரு பெயர்களைப் புராட்டஸ்டன்டாரின் வேதாகமம் தருகிறது. கத்தோலிக்கர் ஏற்கும் தோபித்து நூலில் இரபேலும் வருகிறார். இவற்றுக்கு அப்பால் தூதர்களுக்குப் பெயர் சூட்டுவதைக் கத்தோலிக்கத் திருச்சபை 2001இல் வெளியிட்ட மக்கள் பக்தி முயற்சிகள் பற்றிய வழிகாட்டியில் ஊக்குவிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. தூதனை வணங்கலாமா என்பதற்கு வெளிப்படுத்தின விசேஷத்தில் தூதனே இருமுறை பதில் சொல்கிறான்: யோவான் அவன் காலில் விழுந்தபோதெல்லாம், தானும் உடன் ஊழியக்காரன்தான் என்று தடுத்து, தேவனைத் தொழச் சொல்கிறான்.

நோயைப் பேய் என்று சொல்லிவிடுதல்

மேலே சொன்னவை அறிவுப் பிழைகள். இது உயிரைப் பறிக்கும் பிழை. தொடக்கத்தில் காட்டிய மத்தேயு 4:24க்குத் திரும்பினால், பலவித வியாதியுள்ளவர்கள், பிசாசுபிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாக எண்ணப்படுகிறார்கள். சந்திரரோகம் என்பது வலிப்புநோய்க்கு வழங்கிய பெயர். அந்தக் காலத்து எழுத்தாளரே வலிப்பையும் பேய்பிடித்தலையும் வேறு வேறாகப் பட்டியலிட்டிருக்க, இன்று வலிப்பு வரும் குழந்தையை நரம்பியல் மருத்துவரிடம் காட்டாமல் உபவாச ஜெபத்துக்கு மட்டும் தூக்கிச் செல்வதற்கு வேதத்தை ஆதாரமாகக் காட்ட முடியாது. மத்தேயு 17இல் சந்திரரோகியான சிறுவனிடமிருந்து பிசாசு துரத்தப்படுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து எல்லா வலிப்புக்கும் அதுவே காரணம் என்ற விதியைச் சுவிசேஷம் உருவாக்கவில்லை. பிறவிக்குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கு, இவனும் இவனைப் பெற்றவர்களும் செய்த பாவமல்ல என்றே இயேசு பதிலளிக்கிறார்.

பேயோட்டும் சடங்கை வைத்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதில் எச்சரிக்கையாகவே எழுதியிருக்கிறது. 1614இன் உரோமைச் சடங்குநூல், ஒருவருக்குப் பேய் பிடித்திருப்பதாக எளிதில் நம்பிவிடக் கூடாது என்று குருவுக்கு முதலிலேயே கட்டளையிடுகிறது. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1172ஆம் விதிப்படி ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே இதைச் செய்யலாம். மனநோய் முற்றிலும் வேறான ஒன்று, அதைக் கவனிப்பது மருத்துவத்தின் பொறுப்பு என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் கூறுகிறது.

விதிகள் இருந்தும் தவறு நேர்ந்திருக்கிறது. மேற்கு ஜெர்மனியின் பவேரியாவில், வலிப்புநோய் இருப்பதாக ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்த ஒரு மாணவிக்கு ஆயரின் அனுமதியோடு சுமார் பத்து மாதங்களில் 67 முறை பேயோட்டும் சடங்கு நடத்தப்பட்டது. உணவும் நீரும் உட்கொள்ளாமல் உடல் நலிந்து 1976 ஜூலை 1 அன்று அவர் இறந்தபோது வயது 23. அவருடைய பெற்றோரும் இரு குருக்களும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக 1978இல் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் எவரும் அந்தப் பெண்ணுக்குத் தீங்கு நினைத்ததாகத் தெரியவில்லை. அன்புள்ளவர்களின் கையாலேயே இது நடக்கக்கூடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது ஆகியவற்றுக்குப் பேயோட்டும் ஊழியம் என்று பெயர் வைக்கிறவர்கள் மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். கல்லறைகளில் வாழ்ந்த அந்த மனிதனை விலங்குகளாலும் சங்கிலிகளாலும் பிணைத்தவர்கள் ஊரார். இயேசுவோ அந்த ஆவியைப் புறப்படச் சொல்லி, உன் பேர் என்ன என்று கேட்கிறார். பின்பு அந்த மனிதன் வஸ்திரந்தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். இயேசு படகில் ஏறும்போது தன்னையும் உடன் கூட்டிச்செல்லும்படி அவன் கெஞ்ச, அவர் அதற்கு இடங்கொடாமல், இத்தனை காலம் அவனை இழந்திருந்த வீட்டாரிடத்துக்கே அவனைத் திருப்பி அனுப்புகிறார்.