தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதென்று மீனை விட்டுவிடாதீர்கள்

மூன்று வாரம் முன்பு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, டேங்க் ரெடி. ரெண்டு வாரமா ஃபில்டர் ஓடுது, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. நாளைக்கு மீன் வாங்கப் போறேன்." படமும் அனுப்பியிருந்தான். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. கறுப்புச் சரளை, ஒரு மரக்கட்டை, விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. இந்த இரண்டு வாரத்தில் உள்ளே என்ன போட்டாய் என்று கேட்டேன். "எதுவுமே போடல மாமா. சுத்தமா இருக்கணும்ல?" என்றான், பெருமையாக.

எனக்குச் சுருக்கென்றது. இதே பெருமையோடு, இதே மாதிரி தெளிந்த தண்ணீரில்தான் நான் என் முதல் பதினான்கு மீன்களைக் கொன்றேன்.

அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சோப்புப் போட்டுத் தொட்டியைக் கழுவாதே, தீனியை அள்ளிக் கொட்டாதே, தங்கமீனை உருண்டைக் கிண்ணத்தில் அடைக்காதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. மீன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடக்கும் கூத்துகளை மட்டும் பார்ப்போம்.

எங்கே வைப்பது என்று தண்ணீர் ஊற்றிய பிறகு யோசிப்பது

60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி பார்க்கச் சின்னதுதான். விளிம்பு வரை 54 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் தண்ணீர் மட்டுமே 50 கிலோவைத் தாண்டுகிறது, கண்ணாடியும் சரளையும் கல்லும் சேர்ந்தால் ஏறக்குறைய 70 கிலோ, அதாவது ஒரு வளர்ந்த ஆள் ராத்திரி பகலாக அந்த மேஜைமேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். புத்தக அலமாரியும் மடக்கு மேஜையும் இதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

தண்ணீர் ஊற்றிய தொட்டியை "ஒரு ரெண்டு இஞ்ச் தள்ளி" வைக்கலாம் என்று நினைக்கவே கூடாது. அடிக்கண்ணாடி லேசாக முறுக்கினாலும் ஒட்டு விடும். அடியில் ஒரே ஒரு கல்துகள் சிக்கியிருந்தாலும் மொத்த எடையும் அந்தப் புள்ளியில் இறங்கிக் கண்ணாடியில் விரிசல் விழும், அதனால் அடிக்கண்ணாடி நேராக மேஜையில் உட்காரும் தொட்டி என்றால் கீழே ஒரு தெர்மோகோல் தகடு போடுங்கள். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்கு அது தேவையில்லை. சரளையும் செடியும் போடுவதற்கு முன்பே வெறும் தண்ணீர் நிரப்பி ஒருநாள் முழுக்க விட்டுப் பாருங்கள். கசிவு இருந்தால் தெரிந்துவிடும். தண்ணீர் மட்டம் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தால் மேஜை சாய்வு என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஜன்னலோரம்

வேண்டாம். பாசி.

வெறும் தண்ணீரை ஓட்டுவது

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் என்னைக் கடுப்பேற்றுவது இதுதான்.

"மீன் விடுவதற்கு முன் தொட்டியை இரண்டு வாரம் ஓட விடுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கும் மீன் விற்றவர் அப்படித்தான் சொன்னார். பாதி உண்மை. எதற்காக ஓட விட வேண்டும் என்ற மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. கேட்பவர் என்ன நினைத்துக்கொள்கிறார்? தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தால் அது தானாகவே பக்குவப்பட்டுவிடும் என்று. ஊறுகாயா அது, ஜாடியில் வைத்தால் தானாக ஊறுவதற்கு?

நடக்க வேண்டியது இது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும், மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் அம்மோனியாவைச் சேர்க்கும். அம்மோனியா மீனுக்கு விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுவது ஒரு வகை பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு வகை. நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றிச் சமாளித்துக்கொள்ளலாம். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளையிலும் ஒட்டிக் குடியேறுவதைத்தான் தொட்டி "சைக்கிள்" ஆவது என்கிறோம்.

இப்போது சொல்லுங்கள், மீனும் இல்லை, தீனியும் இல்லை, அம்மோனியா ஒரு துளியும் இல்லை என்றால் அந்த பாக்டீரியா எதைத் தின்று வளரும்? இரண்டு வாரம் என்ன, இரண்டு வருஷம் ஓட்டினாலும் அது வெறும் தண்ணீர்தான். மின்சாரம் செலவானதுதான் மிச்சம்.

நான் அப்படித்தான் ஓட்டினேன். பதினைந்தாம் நாள் பத்து நியான் டெட்ராவையும் நான்கு மோலியையும் விட்டேன். இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆக்சிஜன் போதவில்லை என்று முடிவு கட்டி இரண்டாவது ஏர் ஸ்டோன் ஒன்று வாங்கிப் போட்டேன். தொட்டி குமிழி விட்டுக் கொதித்தது, மீன்கள் அப்படியேதான் இருந்தன. அம்மோனியா செவுளை அரித்துக்கொண்டிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. இதைத் தாண்டும் மீனுக்கு அடுத்து நைட்ரைட் காத்திருக்கும், அது ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினைக் கெடுத்து ரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். இரண்டிலும் ஒரே தோற்றம்தான்: தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருக்க மீன் மூச்சு முட்டிச் சாகும்.

ஐந்தாம் நாள் முதல் நியான் போனது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உச்சம். "ஏதோ அழுக்கு" என்று பயந்துபோய், மிச்சமிருந்தவற்றைப் பக்கெட்டில் விட்டு, சரளையை வெளியே எடுத்துத் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளை வரும் வரை கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். முதல் மீன் செத்த நேரத்தில்தான் முதல் சில பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சில் கால் ஊன்றியிருக்கும். அவற்றையும் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுப் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், கடைசி மோலி ஒன்பதாம் நாள் போனது. பதினான்கும் காலி. முழுக்க என் கைவேலை.

"என் நண்பன் முதல் நாளே மீன் விட்டான், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் எப்போதும் வருவார். ஆகாமலும் இருக்கலாம். அம்மோனியாவின் விஷம் தண்ணீரின் பிஎச் அளவைப் பொறுத்தது (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை, ஏறினால் காரம்). பிஎச் 7இல் இருப்பதைவிட 8இல் அதன் விஷ வடிவம் சுமார் பத்து மடங்கு. நண்பனின் தண்ணீர் கொஞ்சம் அமிலப்பக்கம் இருந்திருக்கும், பெரிய தொட்டியில் இரண்டே மீன் விட்டிருப்பான், பிழைத்திருக்கும். அவன் தண்ணீர் உங்கள் வீட்டில் இல்லையே.

அப்போ எப்படிச் செய்வது? மீன் இல்லாமலே பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போட வேண்டும். அம்மோனியம் குளோரைடு கரைசல் கிடைத்தால் நல்லது. வாசனையும் சோப்பும் கலக்காத சுத்த அம்மோனியாவும் ஆகும் (குலுக்கிப் பாருங்கள், நுரை நிலைத்து நின்றால் அது வேண்டாம்). தொட்டித் தண்ணீரில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவு வரும்படி ஊற்றி, இரண்டு நாளுக்கொருமுறை டெஸ்ட் கிட் வைத்துச் சோதித்து, குறைந்தால் திரும்ப அந்த அளவுக்கு ஏற்றுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று 5, 6 என்று ஏற்றினால் வளர்கிற கூட்டத்துக்கே அது முட்டுக்கட்டை. எதுவும் கிடைக்காவிட்டால் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடலாம், ஆனால் நாற்றம் வரும், அளவும் பிடிபடாது.

ஃபில்டரும் காற்றும் நிற்கக் கூடாது, தண்ணீர் 26-28 டிகிரியில் இருந்தால் நல்லது. முதல் பத்து நாள் போல ஒன்றும் நடக்காது, பொறுங்கள். சாதாரண பாக்டீரியா வசதியான இடம் கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும், இவை இரட்டிப்பாகப் பல மணி நேரம் பிடிக்கும், சமயத்தில் ஒரு நாளே ஆகும். பிறகு அம்மோனியா இறங்கும், நைட்ரைட் கிடுகிடுவென்று ஏறும், அங்கே வந்து நிற்கும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். மொத்தம் நான்கிலிருந்து ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதி நேரம் மிச்சமாகும், நோய் இருந்த தொட்டி என்றால் வாங்காதீர்கள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா சிலது வேலை செய்கிறது, சிலது வெயிலில் கிடந்து செத்த சூப். எதை ஊற்றினாலும் அதற்கும் அம்மோனியா போட வேண்டும், இல்லாவிட்டால் பட்டினி.

முடிந்தது என்று எப்படித் தெரியும்? 2 பிபிஎம் அம்மோனியா ஊற்றி மறுநாள் அதே நேரம் சோதித்தால் அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறியிருக்க வேண்டும். அப்போது தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றிவிட்டு ஓரிரு நாளில் மீனைக் கொண்டுவாருங்கள், ஒரேயடியாக அல்ல, சில சிலவாக. மீன் வாங்க இன்னும் ஒரு வாரமாகும் என்றால் அதுவரை அம்மோனியாவை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. நடுவில் எல்லாம் அப்படியே நின்றுபோனால் பிஎச் பாருங்கள். இந்த மாற்றம் நடக்கும்போது அமிலம் உண்டாகி, தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டைத் தின்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றியிருந்தால் அதில் தின்னவே ஒன்றும் இருக்காது, பிஎச் 6 பக்கம் விழுந்து பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். சுத்தம் சுத்தம் என்று போனால் இப்படித்தான்.

(கொசுறு: மீன் வளர்ப்பவர்கள் ரொம்ப காலம் நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியாதான் நைட்ரைட்டைத் தின்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990களின் கடைசியில் தொட்டி ஃபில்டர்களைச் சோதித்தபோது அங்கே உட்கார்ந்திருந்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறொன்று. அதில் சில வகைகள் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாளாகவே முடித்துவிடும் என்று 2015இல் தெரியவந்தது. அந்த ஆய்வுகளில் ஒன்று மீன் வளர்ப்பு ஃபில்டரிலிருந்து எடுத்த பாக்டீரியாவை வைத்துச் செய்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.)

குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றுவது

குளோரின் மீனை மட்டுமல்ல, ஆறு வாரம் பாடுபட்டு வளர்க்கும் பாக்டீரியாவையும் தாக்கும். பக்கெட்டில் திறந்து வைத்து ஒன்றிரண்டு நாள் காற்றோட்டம் கொடுத்தால் குளோரின் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படிப் போகாது. சில இடங்களில் தண்ணீரில் குளோரமின்தான் கலக்கிறார்கள், உங்கள் ஊரில் எது என்று தெரியாவிட்டால் குளோரின் நீக்கி மருந்தை அளவாகச் சேர்த்துவிடுங்கள், பேச்சே இல்லை. ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டி வந்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக அலசினால் போதும். வெள்ளை வெளேரென்று ஆக வேண்டியதில்லை. அந்தப் பழுப்புதான் உங்கள் ஃபில்டர்.

கண்ணுக்கு அழகான கல்

கிளிஞ்சல், பவளத் துண்டு, பளிங்கு, சுண்ணாம்புக்கல் எல்லாம் தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் பிஎச்சையும் ஏற்றும். மோலிக்குப் பரவாயில்லை, நியானுக்கு ஆகாது. கல்லின்மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், பொங்கினால் வெளியே வைத்துவிடுங்கள்.

பால் போலக் கலங்கினால் பதறுவது

புதுத் தொட்டி சில நாளில் வெள்ளையாகக் கலங்கும். வேறு வகை பாக்டீரியா தண்ணீரில் பெருகுவதால் வருவது, தானாகத் தெளியும். கையை வைக்காதீர்கள்.

ஒயர்

பிளக்குக்குப் போகும் ஒயர் முதலில் கீழே தொங்கி, அப்புறம் மேலேற வேண்டும். வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. ஹீட்டரைத் தண்ணீருக்கு வெளியே ஓட விடாதீர்கள், வெடிக்கும்.

அக்கா மகன் சொன்னதைக் கேட்டுக்கொண்டான், பாவம். மீனுக்கென்று வைத்திருந்த பணத்தில் டெஸ்ட் கிட் வாங்கினான், என் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சும் கொண்டுபோனான். இன்று 21ஆம் நாள். தினம் காலையில் சோதனைக் குழாயின் படம் வருகிறது. அம்மோனியா மஞ்சளுக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, வந்துவிட்டது, நைட்ரைட் மட்டும் இன்னும் ஊதாவிலேயே நிற்கிறது, அதன் பூஜ்யமான நீலத்துக்கு இறங்க மாட்டேன் என்கிறது. நேற்று படத்தோடு அக்காவின் குரலும் வந்தது: "மீனே இல்லாத தொட்டிக்கு ரெண்டு பேரும் இன்னும் எத்தனை நாள் காவல் காக்கப் போறீங்க?"