ஹவாய் மொழியின் ஒலிகளைத் தமிழ் நாவுக்குப் பழக்குதல்

1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தைப் பள்ளிகளின் பயிற்றுமொழியாக்கிய பின் தலைமுறைதோறும் தேய்ந்து, 1978இல் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தின் ஆட்சிமொழித் தகுதியைப் பெற்று, 1984இல் தொடங்கிய மழலையர் பள்ளிகளின் வழியாகக் குழந்தைகளின் வாய்க்கு மீண்டும் வந்த மொழி ஹவாய் மொழி. அதன் மெய்யொலிகள் மொத்தம் எட்டே: ப, க, ம, ன, ல, வ, ஹ ஆகிய ஏழும், தொண்டையில் பிறக்கும் ஓர் அடைப்பொலியும். உயிர்களோ, ஐ, ஔ நீங்கலாக நம்முடைய குறில்களும் நெடில்களுமே. இவ்வளவு நெருக்கம் இருப்பதால்தான் தமிழர் இதில் ஏமாந்து போகிறோம்.

முதலில் உயிர்களைப் பழகுங்கள். மாத்திரையை அறிந்த காதுக்குக் குறில் நெடில் வேறுபாடு புதிதன்று. 'வஹினெ' என்றால் பெண், முதலெழுத்தை நீட்டி 'வாஹினெ' என்றால் பெண்கள். இடர் சொல்லின் ஈற்றில் வருகிறது. தமிழ்ச் சொற்கள் குறில் எகரத்திலும் ஒகரத்திலும் முடிவதில்லை. ஆகவே வீட்டைக் குறிக்கும் 'ஹலெ' நம் வாயில் 'ஹலே' ஆகிவிடும். அதுபோலவே, ஆமையைக் குறிக்கும் 'ஹொனு' என்பதன் ஈற்று உகரத்தைக் குற்றியலுகரம்போல் தேய்க்காமல், இதழ் குவித்து முழுமையாக ஒலிக்க வேண்டும்.

அடுத்தது ககரம். கண்ணைக் குறிக்கும் 'மக' என்ற சொல்லை, 'மகன்' என்பதிலுள்ள ககரத்தைப்போல் நெகிழ்த்தி ஒலித்தால், கேட்பவருக்கு அது 'மஹ' என்று கேட்கக்கூடும். அந்தச் சொல்லோ கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள நெற்றிப்பொட்டைக் குறிக்கும். 'மக்க' என்று அழுத்திச் சொல்லத் தொடங்கி, ககரத்தின் வன்மை குறையாமல் அதன் இரட்டிப்பை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால், தேவையான ஒலி தானாக அமையும். சொல்லிடையே வரும் பகரத்துக்கும் இதே பயிற்சி போதும்.

அதிக நேரத்தைத் தொண்டை அடைப்பொலிக்கே ஒதுக்குங்கள். இதன் பெயர் '’ஒகின'. எழுத்தில் தலைகீழான காற்புள்ளி போன்ற குறியாக இருப்பதால் பலர் இதை நிறுத்தற்குறியென்று எண்ணி விட்டுவிடுகின்றனர். உண்மையில் இது பழைய ககரத்தின் வழித்தோன்றல்: நியூசிலாந்தின் உறவுமொழியான மாவோரியில் 'இக' எனப்படும் மீன் ஹவாயில் 'இ’அ' ஆயிற்று. இருமலுக்கு முந்தைய கணத்தில் தொண்டை இறுகி மூச்சு நிற்பதைக் கவனியுங்கள். அந்த இறுக்கத்தை மெல்லியதாக்கி இரண்டு உயிர்களுக்கு இடையில் வைத்தால் ’ஒகின கிடைக்கும். 'மொஅ' கோழி, 'மொ’அ' வெந்தது. முதற்சொல்லில் நம் உடம்படுமெய்போல மெல்லிய வகரம் தோன்றினாலும் தவறில்லை, ஹவாய் மக்கள் பேச்சிலும் அது தோன்றும். இரண்டாவதில் அதற்கு இடமே இல்லை. 'கொஉ' உன்னுடையது, 'கொ’உ' என்னுடையது என்பதால், இதைத் தவறவிட்டால் உடைமையே கைமாறிவிடும்.

வகரத்தை இதழ் குவித்தோ பல்லிதழிலோ ஒலிக்கலாம். இகர எகரங்களுக்குப்பின் பல்லிதழ் ஒலியும், உகர ஒகரங்களுக்குப்பின் இதழ் குவிந்த ஒலியும் வழக்கம். நீஹாவ் தீவினர் ககரத்துக்குப் பதிலாகத் தகரம் ஒலிப்பதைக் கேட்டால் குழம்ப வேண்டாம். 1826இல் மதப்பரப்புநர் வாக்கெடுப்பு நடத்தி எழுத்துகளைக் குறைத்தபோது, இவ்விரண்டில் ககரத்தை மட்டும் ஏட்டில் நிறுத்தினர். நாவு அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்படவில்லை.

தனித்தனியே பழகியவற்றை மொழியின் பெயரிலேயே சோதித்துப் பாருங்கள்: ’ஓலெலொ ஹவை’இ. தொண்டையை மூடித் திறந்து ஓகாரத்தை நீட்டுங்கள்; 'லொ' நெடிலாகாமல் நிறுத்துங்கள்; 'வை' என்றதும் மீண்டும் தொண்டையை அடைத்து, கடைசி இகரத்தைத் தனியே விடுங்கள்.