மடெய்ரா போகிறீர்களா? டார்ச்சை மறக்காதீர்கள்

தண்டையார்பேட்டை வெயிலில் வெந்தபடியே விடுமுறைக்கு மடெய்ராவை யோசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அட்லாண்டிக்கில் இருக்கும் போர்ச்சுகல் தீவு அது. வருஷம் முழுக்க மிதமான பருவநிலை. ஆனால் மணல் கரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், பெரும்பாலும் கூழாங்கல்தான். (திருவொற்றியூரில் கல் கொட்டிய கரையைப் பார்த்துப் பழகிய நமக்கு ஏமாற்றம் கொஞ்சம் குறைவு.) கடல்நீரில் குளிக்க போர்ட்டோ மோனிஸ் என்ற ஊரில் எரிமலைப் பாறைக் குளங்கள் உண்டு.

என்னைக் கேட்டால் அங்கே நடைதான் முக்கியம். மழை அதிகமுள்ள வடக்கிலிருந்து தெற்கு வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக 15ஆம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கிய வாய்க்கால்கள், லெவாடா என்று பெயர். அவற்றின் ஓரத்துப் பாதையிலேயே நடக்கலாம். வாய்க்கால் மெதுவாகத்தானே சரியும், அதனால் அவ்வளவாக மூச்சு வாங்காது. ஆனால் சில இடங்களில் பாதை ஒரு ஆள் அகலம்தான், பக்கத்தில் கிடுகிடு பள்ளம். காசிமேட்டுப் பாறையில் நடந்த கால்தானே என்று செருப்போடு கிளம்பிவிடாதீர்கள். பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

கால்தெய்ராவ் வெர்டே அருவிக்குப் போகும் வழியில் இருட்டுச் சுரங்கங்கள் வரும். போன் வெளிச்சம் சரிப்படாது. கூரை தாழ்வு, கை காலியாக இருக்க வேண்டும். தலையில் மாட்டும் டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கீழே தலைநகர் ஃபுன்ஷாலில் வெயில் அடிக்கும்போதே 1,818 மீட்டர் உயர பிகோ தோ அரியெய்ரோ சிகரத்தில் மேகம் மூடிக் குளிரும். பையில் ரெயின்கோட்டும் ஸ்வெட்டரும் இருக்கட்டும். மழைக்குப் பிறகு பாதைகளை மூடுவதுண்டு, காலையில் விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.