குறளை அலகிடுவது எப்படி?

அலகிடுவது என்றால் செய்யுளின் ஒவ்வொரு சீரையும் (அடியில் இடைவெளி விட்டு எழுதும் கூறு) அசைகளாகப் பிரித்து, அதன் வாய்பாட்டை (தேமா, புளிமா போன்ற பெயர்) எழுதுவது. இந்தக் கேள்வியில் பிழை அசை பிரிக்கும்போதே நுழைந்துவிடும். அங்கே தவறினால் வாய்பாடு தலைகீழ்ப் பாடமாக இருந்தும் பயனில்லை.

சீரின் முதல் எழுத்திலிருந்து தொடங்குங்கள். குறிலை அடுத்துக் குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை அசை. நெடிலில் தொடங்கினால் அது மட்டுமே நேர் அசை. குறிலை ஒட்டி ஒற்று (புள்ளி வைத்த மெய்யெழுத்து) வந்தாலும், குறில் கடைசியில் தனியே மிஞ்சினாலும் நேர்தான். ஒற்று முந்தைய அசையோடு ஒட்டிக்கொள்ளும்; இரண்டு ஒற்று வந்தாலும் அப்படியே: வாழ்த்/து.

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

அக/ர: நிரை நேர், புளிமா. முத/ல: புளிமா. எழுத்/தெல்/லாம்: நிரை நேர் நேர், புளிமாங்காய். ஆ/தி: நேர் நேர், தேமா. பக/வன், முதற்/றே இரண்டும் புளிமா. உலகு மட்டும் தனி. குறளும் வெண்பாதான்; வெண்பாவின் ஈற்றுச்சீர் (கடைசிச் சீர்) நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) என்ற நான்கில் ஒன்றாகவே முடியும். உலகு நிரையில் தொடங்கிக் குற்றியலுகரத்தில் (குறுகி ஒலிக்கும் உகரம்) முடிவதால் பிறப்பு. இங்கே புளிமா என்று எழுதினால் தவறு.

இனி தளையை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையைப் பாருங்கள். உங்கள் விடையைத் திருத்தித் தரும் ஆசிரியர் அதுதான். மா (நேரில் முடியும் ஈரசைச் சீர்) முன் நிரை, விளம் (நிரையில் முடியும் ஈரசைச் சீர்) முன் நேர், காய் (நேரில் முடியும் மூவசைச் சீர்) முன் நேர் வர வேண்டும்; ‘முன்’ என்றால் இங்கே அடுத்த சீரின் தொடக்கத்தில். குறளில் தளை தட்டினால், அதாவது இந்த விதி பொருந்தாவிட்டால், நீங்கள் பிரித்ததில்தான் பிழை. மு/தல என்று பிரித்திருந்தால் ‘அகர’ என்ற மாச்சீரின் முன் நேர் வந்து தட்டியிருக்கும். பொருள் தெளிவுக்காக ‘எழுத்து எல்லாம்’ எனப் பிரித்து எழுதினாலும் இதே கதிதான்: எழுத்/து என்பது மா, அடுத்து ‘எல்’ என்ற நேர். முதலடியிலும் 4 சீர் 5 ஆகிவிடும். அதனால் புணர்ந்த வடிவத்தையே அலகிடுங்கள்.

தொடை (எதுகை, மோனை போன்ற ஒலி ஒப்புமை) எளிது. அகர, பகவன்: இரண்டாம் எழுத்து ‘க’ ஒன்றிவருவதால் அடியெதுகை. முதலெழுத்துகளின் அளவும் ஒத்திருக்க வேண்டும். பட்டு, பாட்டு எதுகை ஆகாது. அகர, ஆதி: 1, 4ஆம் சீர்களில் மோனை, ஆகவே ஒரூஉ மோனை. அகரத்துக்கு ஆகாரம் இனமோனை (அதே எழுத்து அல்ல, இன எழுத்து).

அடுத்து ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக’ குறளை நீங்களே அலகிடுங்கள். வர வேண்டிய விடை: தேமா, கருவிளம் (நிரை நிரை), கூவிளம் (நேர் நிரை), கூவிளம், தேமா, புளிமா, மலர்.